மூன்று தென்னை தூரம்

கொக்கோ வந்த பிறகுதான் எங்கள் தோட்டத்தில் அணில் ஒரு பிரச்சினையாயிற்று. அதுவரை ஜெராமுக்கும் புக்கிட் ரோத்தானுக்கும் நடுவிலிருந்த அந்தக் கடலோரக் களிமண்ணில் தென்னை மட்டும்தான் நின்றது. தென்னைக்கு அடியில் நிழல் வீணாகிறதே என்று எழுபதுகளில் கொக்கோக் கன்றுகளை ஊன்றினார்கள். கோல சிலாங்கூர் வட்டாரத்தின் கடலோரத் தோட்டங்கள் பலவற்றில் அப்போது அதுதான் நடந்தது. கொக்கோக் காய் பழுத்ததும் உள்ளே விதையைச் சுற்றி வெள்ளையாக ஒரு சதை இருக்கும், இனிப்பும் புளிப்புமாக. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாங்களும் திருட்டுத்தனமாக அதைச் சப்பியிருக்கிறோம். அணிலுக்கும் அதே சதைதான் வேண்டும். காயில் ஓட்டை போட்டு, சதையைத் தின்றுவிட்டு, துரைக்குக் காசாகும் விதையை மண்ணில் உதிர்த்துவிட்டுப் போய்விடும்.

பெரியப்பா அங்கே வெளிக்காட்டுக் கண்டக்டர். ஓட்டை விழுந்த காய்களை எண்ணிக் கணக்கெழுதுவது அவர் வேலை. அந்தக் கணக்கு ஏற ஏற மேனேஜரின் முகம் சிவந்தது. கடைசியில் மேனேஜரே ஒரு கடிதம் எழுதிக்கொடுக்க, போலீசுக்கு விண்ணப்பம் போய், விசாரணை முடிந்து, பெரியப்பா பெயரில் ஒரு காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். இந்தியாவில் சிறிய காற்றுத் துப்பாக்கிகளைத் திருவிழாவில் பலூன் சுடக் கொடுக்கிறார்கள். மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமென்றே சொல்கிறது. வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். விற்பவருக்கும் பழுதுபார்ப்பவருக்கும் தனித்தனி உரிமம் வேண்டும்.

லைசென்ஸ் வந்த அன்று பாட்டி அடுப்பை அணைத்துவிட்டு அஞ்சடித் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். "அந்தச் சனியன் வூட்டுக்குள்ள வரப்படாது." பெரியப்பா சிரித்தபடி, "இது காத்து துப்பாக்கிம்மா, மருந்து கிடையாது" என்றார். பாட்டி சிரிக்கவில்லை. "கணபதியத் தூக்குல போட்டப்போ அவன் கையில இருந்தது மட்டும் பீரங்கியாடா?"

தொழிலாளர் லயத்தில் அந்தப் பெயரைக் குரல் உயர்த்திச் சொல்ல மாட்டார்கள். எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர், தஞ்சாவூர் மண்ணிலிருந்து வந்தவர். மலாயா அவசரகாலத்தில், 1949 மார்ச்சில், ரவாங் பக்கத்து வாட்டர்பால் தோட்டத்தில் பிடிபட்டார். கைத்துப்பாக்கியும் சில ரவைகளும் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1948 டிசம்பரில்தான், பத்தாங் காலியில் பிரிட்டிஷ் பட்டாளம் 24 சீனர்களைச் சுட்டுத்தள்ளியது. வட சிலாங்கூர்த் தோட்டங்களில் அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்களுக்குத் துப்பாக்கி என்பது துரை வீட்டுச் சாமான், அல்லது சாவு. மூன்றாவதாக ஒன்று இருக்க முடியும் என்று பாட்டி கடைசிவரை நம்பவில்லை. துப்பாக்கி ஆபீஸ் அறையின் இரும்பு அலமாரியில்தான் இருந்தது, வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

மேனேஜரிடம் ஒரு பிஎஸ்ஏ இருந்தது. சைக்கிளில் மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நிற்கும் முத்திரையைப் பார்த்திருப்பீர்களே, அதே பர்மிங்காம் கம்பெனி. முதலில் துப்பாக்கி, பிறகுதான் சைக்கிள். லிங்கன் ஜெப்ரீஸ் என்பவரின் வடிவமைப்பில் 1905 முதல் காற்றுத் துப்பாக்கி செய்தவர்கள். மேனேஜரின் துப்பாக்கியில் குழல் அசையாது. அடியிலிருக்கும் நெம்புகோலை இழுத்தால் எண்ணெயில் நழுவுவதுபோல் வந்து நிற்கும். பெரியப்பாவின் கைக்கு எட்டிய விலையில் கிடைத்தது வேறு. ஐரோப்பாவில் எங்கோ மலிவுக்கென்றே செய்த, குழலை நடுவில் மடக்கும் சாமான். கட்டை நல்ல மரமில்லை. மேலே பூசிய வார்னிஷ் எங்கள் ஊர் வெக்கையில் கையில் ஒட்டியது.

முதல் நாள் சுட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். 'டொய்ங்' என்று, ஓட்டைப் பியானோவில் கம்பி அறுந்தமாதிரி ஒரு சத்தம். கட்டை பெரியப்பாவின் தாடையில் இடித்தது. குண்டு எங்கே போனதென்று தெரியவில்லை. தென்னை வரிசைக்கும் வரிசைக்கும் சுமார் முப்பது அடி. தோட்டத்தில் தூரத்தை நாங்கள் தென்னையில்தான் அளப்போம். ஒரு தென்னை தூரத்தில் பால் டின்னின் மேல் பட்டது. இரண்டு தென்னையில் டின் பிழைத்துக்கொண்டது. அணில் இருப்பதோ மூன்று தென்னைக்கு அப்பால். அது இருந்த இடத்தைவிட்டு நகரக்கூட இல்லை.

பெரியப்பா முடிவுக்கு வந்துவிட்டார்: "பவர் பத்தல."

எத்தனையோ பேர் வாயில் அதற்குப் பிறகு இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டேன். துப்பாக்கி குறி தவறினால் பவர் பத்தவில்லை. மோட்டார் சைக்கிள் திணறினால் பவர் பத்தவில்லை. பெரியப்பா தையல் மெஷின் எண்ணெயை எடுத்துச் சிலிண்டரின் வாயில் ஊற்றினார். அடுத்த வெடி உண்மையிலேயே வெடித்தது. நீலப்புகை, கருகிய வாசம், காதடைப்பு. "பாத்தியா, இப்பதான் உசிரு வந்திருக்கு" என்று மகிழ்ந்தார். குண்டு முன்பைவிட மோசமாகச் சிதறியது.

இந்த இடத்தில் என் தாய்மாமாவைக் கொண்டுவர வேண்டும். கோலாலம்பூரில் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையில் அவர் பழுதுபார்ப்பவர். கடை ஒரு சீனருடையது. மாமாவின் மேசை பின்கட்டில், ஒரு ஜன்னலுக்கு அடியில். பள்ளி விடுமுறைகளில் நான் அங்கே போய்க் கூட்டிப் பெருக்குவேன், தேநீர் வாங்கி வருவேன், பார்த்துக்கொண்டிருப்பேன். பெரியப்பா லைசென்ஸைச் சட்டைப்பையில் குத்தி வைத்துக்கொண்டு, ஈஜோக் வழியாகச் சுங்கை பூலோவைத் தாண்டி, துப்பாக்கியைத் தன் பழைய மோரிஸ் மைனரில் கொண்டுவந்தார். வழியெல்லாம் பத்து மைல் வேகத்தைக் குறைத்தே ஓட்டியதாகச் சொன்னார். போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்வது என்று மலாயில் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். யாரும் நிறுத்தவில்லை. அதில் அவருக்குச் சின்ன ஏமாற்றம்.

"தம்பி, ஒரு பெரிய ஸ்பிரிங்கா பாத்துப் போட்டுடு."

"பாக்கலாம்ணே" என்றார் மாமா. அவர் 'பாக்கலாம்' என்றால் நடக்காது என்று பொருள். பெரியப்பாவுக்கு அது தெரியாது.

மாமா துப்பாக்கியைப் பிரிப்பதற்கு முன் திருப்புளியைத்தான் எடுத்தார். கட்டையைப் பிடித்திருந்த நான்கு திருகுகளில் மூன்று விரலாலேயே சுழன்றன. "மருமவனே, பாதி நோய் இங்கதான். இந்தச் சாமான் ஒவ்வொரு வெடிக்கும் ஒதறும், ஒதற ஒதற ஸ்குரூ கழலும். ஜனங்க ஸ்பிரிங்கத் திட்டுவாங்க." அடுத்து ஒரு மெல்லிய காகிதக் கிழிசலைக் குழல் மடங்கும் இணைப்பின் மேல் வைத்து, மேசையடிப் பொறியில் ஒரு குண்டைச் சுட்டார். காகிதம் பறந்தது. குண்டுக்குப் பின்னால் போக வேண்டிய காற்று இடுக்கில் போகிறது. அங்கே இருந்த தோல் வளையம் காய்ந்து, வடைச்சட்டியில் மறந்த வெங்காயம்போல் சுருண்டிருந்தது. புதிய வளையம் ஒன்றை வெட்டி, கீழே மெல்லிய தகடு வைத்து, குழலை மூடும்போது லேசாக அழுந்துகிற உயரத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு அதே காகிதம் அசையவில்லை. இவ்வளவுக்கும் ஸ்பிரிங்கின் பக்கம் அவர் இன்னும் போகவே இல்லை.

சுருள்வில் துப்பாக்கியைப் பிரிப்பது விளையாட்டல்ல. உள்ளே ஸ்பிரிங் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்திலேயே இருக்கும். பிடி இல்லாமல் பின்மூடியைக் கழற்றினால் அது கழற்றுகிறவர் முகத்துக்கே வரும். மாமா ஒரு நீண்ட மரச்சட்டத்தில் திருகுதண்டு பொருத்திய பிடிப்பான் ஒன்றை வைத்திருந்தார். அதில் துப்பாக்கியைக் கட்டி, மூடியை அழுத்தி, ஊசியைத் தட்டி எடுத்து, திருகைத் தளர்த்தத் தளர்த்த ஸ்பிரிங் மெதுவாக நீண்டு வெளியே வந்தது. அதைக் கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டினார். நேராக உருளாமல் நொண்டியது. வளைந்திருந்தது. முனைகள் இரண்டும் கத்தரித்த கம்பிபோல் கூராக இருந்தன. அந்தக் கூர் பிஸ்டனின் உட்சுவரைக் கீறிக் கீறி இரும்புத்தூள் எண்ணெயோடு சேர்ந்து கறுப்புச் சேறாகியிருந்தது.

"அண்ணே, உள்ள சுத்திக் காட்டவா?" என்று கேட்டு, மாமா பெரியப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். விசையை விட்டதும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. பிஸ்டன் முன்னே பாய்ந்தால் துப்பாக்கி பின்னே போகும், அது உதைப்பு. பிஸ்டன் ஓட்டத்தின் கடைசியில் நசுங்கிய காற்று மெத்தைபோல் எதிரே நிற்கிறது. அதில் மோதி பிஸ்டன் நிற்கும்போது துப்பாக்கி முன்னே இழுபடுகிறது, அது இரண்டாவது உதைப்பு. குண்டு குழலைவிட்டு வெளியேறும்போது இந்தக் குலுக்கலெல்லாம் நடந்துகொண்டிருக்கும். மருந்துத் துப்பாக்கியில் இந்தத் தொல்லை இல்லை, ஒரே திசையில் ஒரே உதை. பெரிய ஸ்பிரிங் போட்டால் பிஸ்டன் வேகமாகப் போய், காற்றில் மோதி, பந்துபோல் பின்னுக்குத் துள்ளும். குண்டைத் தள்ள வேண்டிய அழுத்தம் அந்தத் துள்ளலில் போய்விடும். மடக்க மட்டும் இரண்டு ஆள் பலம் வேண்டும்.

"அப்ப எண்ணெ ஊத்துனப்ப பவர் வந்துச்சே?"

"அது டீசல் இஞ்சின்ணே. காத்து நசுங்குனா சூடேறும். அந்தச் சூட்டுல எண்ணெ பத்திக்குது. ஸ்பிரிங்கும் வாசரும் உங்களத் திட்டுது, உங்களுக்குக் கேக்கல."

பின்னாளில் கார்டியூ என்ற ஆங்கிலேய அப்பாவும் மகனும் எழுதிய ஒரு புத்தகத்தில் இதையே சோதனையாகப் படித்தேன். துப்பாக்கியில் ஆக்சிஜன் இல்லாத நைட்ரஜனை நிரப்பிச் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். எண்ணெய் எரிய வழியில்லாததால் குண்டின் வேகம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. அதாவது நல்ல ஸ்பிரிங் துப்பாக்கியிலும் துளி எண்ணெய் துளித்துளியாக எரிகிறது. அது அளவோடு எரிவது ஒன்று, வெடிப்பது இன்னொன்று. மாமா அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. மூக்கால் கண்டுபிடித்ததுதான்.

மாமா போட்டது பழையதைவிடச் சற்றே மெலிந்த கம்பியில் ஒரு ஸ்பிரிங். அதன் முனைகளைத் தட்டையாக அரைத்து, உப்புத்தாள் போட்டுக் கண்ணாடிமாதிரி வழவழவென்று ஆக்கினார். 'டொய்ங்' சத்தம் எங்கிருந்து வருகிறதென்றும் காட்டினார். ஸ்பிரிங்குக்குள் நிற்கும் வழிகாட்டித் தண்டு மெலிசாக இருந்தது, ஸ்பிரிங் அதன்மேல் தளர்ந்து ஆடியது. நைலான் உருளையைக் கடைந்து, ஸ்பிரிங் அழுத்தித்தான் ஏறுகிற பருமனில் ஒரு புதுத் தண்டு செய்தார். அதன்மேல் கெட்டியான கிரீஸ், அதுவும் விரல் நுனி அளவு. கூடுதல் கிரீஸ் முன்னே கசிந்தால் மறுபடியும் டீசல்தான்.

பிஸ்டன் தலையிலிருந்த தோல் வாசர் கல்லாகியிருந்தது. மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெயில் ஊறப்போட்டு, மறுநாள் பிழிந்து துடைத்தார். வெள்ளிக்கிழமை என்பதால் பெரியப்பா அந்தக் கிண்ணத்துக்கு இரண்டடி தள்ளியே நின்றார். பிறகு ஸ்பிரிங் இல்லாமல் பிஸ்டனை மட்டும் சிலிண்டரில் விட்டு, முன்னாலிருக்கும் சின்னத் துளையை விரலால் அடைத்து, என்னைத் தள்ளச் சொன்னார். பாதியில் தலையணையில் முட்டியதுபோல் நின்றது, விட்டதும் திரும்பி வந்தது. அவர் திருப்தியாகத் தலையாட்டியதை அந்த வேலையில் அப்போதுதான் பார்த்தேன்.

குழல்வாயைத்தான் நான் செய்தேன். மாமா ஒரு பஞ்சுத் துணுக்கை குழலின் வாய் விளிம்பில் சுற்றி இழுத்துக் காட்டினார். ஓரிடத்தில் பஞ்சு மாட்டிக்கொண்டது. உள்ளே புரி வெட்டியபோது விட்டுப்போன பிசிறு. குண்டு வெளியேறும் கடைசி இடம் அது. பின்னால் வரும் காற்று ஒருபக்கம் முந்திக் கசிந்தால் குண்டு தலையாட்டிக்கொண்டே போகும். உருண்டைத் தலை கொண்ட பித்தளைத் திருகு ஒன்றைக் கைத்துரப்பணத்தில் மாட்டி, லோரி வால்வு தேய்க்கும் பசையைத் தடவி, குழல்வாயில் வைத்துச் சுற்றச் சொன்னார். உள்ளே பசை போகாமலிருக்கத் துணியடைப்பு. சுற்றும்போது கையை ஒரே இடத்தில் வைக்காமல் வட்டமாக ஆட்ட வேண்டும். விளிம்பில் மெல்லிய, சமமான வெள்ளி வளையம் தெரிந்ததும் நிறுத்தினேன். பஞ்சு வழுக்கிக்கொண்டு போயிற்று.

விசையை மட்டும் மாமா தொடவில்லை. பெரியப்பா கெஞ்சினார், இழுக்க மிகவும் கடினமாக இருக்கிறதென்று. உராயும் இடத்தில் கொஞ்சம் மாலிப்டினம் பசை வைத்ததோடு சரி. மலிவுத் துப்பாக்கியின் விசையை அரைத்து இலேசாக்கினால், குண்டு போடும்போதே நழுவிவிடலாம். மடங்கிய குழல் ஸ்பிரிங்கின் முழு பலத்தோடு மேலே வந்து மூடும். குழல் வளைவது ஒரு பக்கம். இடையில் விரல் இருந்தால் அதுவும் போகும். "கஷ்டமா இழுங்கண்ணே. யோசிச்சுச் சுடுவீங்க."

கடையின் பின்சந்தில், மணல் மூட்டைக்கு எதிரே சுட்டுப் பார்த்தோம். 'டொய்ங்' இல்லை. கதவு சாத்துகிற ஒரு 'டப்'. பெரியப்பாவின் முகம் விழுந்துவிட்டது. சத்தம் குறைந்ததை அவர் பலம் குறைந்ததாகவே எடுத்துக்கொண்டார். கொஞ்சம் குறைந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன். ஆனால் குண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. குறி தப்பாமலிருக்கப் பெரிய பலம் தேவையில்லை. ஜெர்மனியில் உரிமமில்லாமல் வாங்கக்கூடிய காற்றுத் துப்பாக்கிக்கு உச்சவரம்பு 7.5 ஜூல். அதே அளவு எளிய பலத்தில்தான் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் போட்டி நடக்கிறது. நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். 2012இல் லண்டனில் நம் மலேசியாவின் நூர் சுர்யானி எட்டு மாதக் கர்ப்பத்தோடு நின்று சுட்டது அந்தப் போட்டியில்தான். பவர் பத்தவில்லை என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

பிடிக்கும் முறையைத்தான் பெரியப்பாவுக்குக் கற்றுக்கொடுக்க முடியவில்லை. ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் அதன் குலுக்கல் ஒவ்வொரு தடவையும் வேறுவிதமாக இருக்கும். முன்கையைத் திறந்து, உள்ளங்கையில் கட்டையைச் சும்மா உட்காரவைத்து, அது விரும்பியபடி உதைத்துக்கொள்ள விட வேண்டும். கட்டாயத்துக்கு வளையாத மனிதர் அவர். தனக்குக் கீழிருந்த மண்டோர்களையும் இறுக்கித்தான் பிடித்தார், துப்பாக்கியையும் அப்படித்தான். கடைசியில் அவர் சொல்லச் சொல்லச் சுட்டது தோட்டத்துக் காவல்காரர், லைசென்ஸில் அவர் பெயரையும் சேர்த்த பிறகு. குழந்தையை வாங்குவதுபோல் துப்பாக்கியை வாங்குவார் அவர்.

காவல்காரருக்கு வேறொரு தடை இருந்தது. அணிலைக் கொல்வது பாவம், ராமருக்கு அணை கட்ட மண் சுமந்த ஜீவன். கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டார். பூசாரி ஒரு செத்த அணிலைப் புரட்டிப் பார்த்தார். வயிறு செம்பட்டை. இரு விலாவிலும் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை. முதுகில் ஒன்றுமில்லை. "ராமர் இதுக்குக் கோடு போடல. இது இந்த ஊர் அணிலு" என்று தீர்ப்பு வந்தது. ஊர்விட்டு ஊர் வந்த ஜனங்களின் சாஸ்திரம் இப்படித்தான் தன்னைச் சரிபண்ணிக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

மூன்று தென்னை தூரத்திலிருந்து காவல்காரர் ஒருபோதும் சுட்டதில்லை. இரண்டு தென்னை வரை நடந்து, மரத்தில் சாய்ந்து, காத்திருந்து சுடுவார். ஓட்டை விழுந்த காய்களின் கணக்கு இறங்கியது, ஒழிந்துவிடவில்லை. அணில் ஒன்று போனால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இன்னொன்று குடிவந்தது. கடற்காற்றில் துரு ஏறாமலிருக்கத் துப்பாக்கியைத் தினமும் துடைக்க வேண்டியிருந்தது. தேங்காய் எண்ணெய் போடக்கூடாதென்று மாமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தலைக்கும் காலுக்கும் கதவுக் கீலுக்கும் சாமி விளக்குக்கும் அதையே ஊற்றும் ஜனங்களுக்கு இது ஏற்கவே முடியாத தடை.

மேனேஜரின் பிஎஸ்ஏ அதற்குள் படுத்துவிட்டது. அதன்மேல் குற்றமில்லை. மனிதர் இரவெல்லாம் அதை ஸ்பிரிங் ஏற்றியபடியே அலமாரியில் வைத்திருக்கிறார், காலையில் எழுந்ததும் ஜன்னலிலிருந்து சுட வசதியாக. ஏறிய நிலையிலேயே கிடந்தால் ஸ்பிரிங் அயர்ந்துவிடும். மாமாவிடம் அது வந்தபோது பெரியப்பாவும் கூட இருந்தார். கம்பி ஒரு சாண் குட்டையாகிவிட்டதுபோல் மாமா கைகளை விரித்துக் காட்ட, அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். சம்பள நாளில்கூட அப்படிச் சிரித்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் கொக்கோவின் விலை விழுந்தது. காய் துளைக்கும் அந்துப்பூச்சி வேறு வந்து சேர்ந்தது. அந்தப் புழுவைச் சுட எந்தத் துப்பாக்கியும் இல்லை. கொக்கோவை வெட்டிச் செம்பனை போட்டார்கள். செம்பனை எங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1917இல் ஹென்றி பொகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டதே பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தென்னமாரத்தில்தான். செம்பனைக்கு எதிரி எலி. எலிக்குத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி கட்டிக் கூகை வளர்த்தார்கள். அதற்கு லைசென்ஸும் வேண்டாம், ஸ்பிரிங்கும் வேண்டாம்.

பெரியப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. துப்பாக்கியைக் கோல சிலாங்கூர் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்தார். நன்றாக இருக்கிற துப்பாக்கியை ஏன் கொடுக்கிறீர்கள் என்று சார்ஜன் கேட்டாராம். "கொக்கோ சுடா தாக் அடா, துவான்" என்று, அதாவது கொக்கோவே இப்போது இல்லை ஐயா என்று, சொல்லிவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டு வந்தார். அன்று சாயங்காலம் மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னோம். மாமா வருத்தப்படவில்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஸ்பிரிங்க எறக்கி வச்சுத்தானே குடுத்தீங்க?"

பெரியப்பா ரிசீவரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "ஏன் தம்பி, நான் என்ன மேனேஜரா?"